எண்டர்பிரைஸ் கட்டும் நாட்கள்

ஆகஸ்ட் 10, 2025

பெட்டி வந்துவிட்டது. ஸ்டார் டிரெக் தொடரில் வரும் விண்கப்பல் எண்டர்பிரைஸ்; அதன் பிளாஸ்டிக் மாடலை நாமே ஒட்டிக் கட்டுவதற்கான ஏஎம்டி நிறுவனத்தின் கிட், 1/650 அளவு. கட்டி முடித்தால் சுமார் 44 சென்டிமீட்டர் நீளம் வரும். ஸ்டார் டிரெக் தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 1966-லேயே இந்தக் கிட்டும் கடைக்கு வந்தது. அப்போது உள்ளே குட்டி பல்புகள்கூட இருந்தன. பிற்பாடு வந்தவற்றில் அவற்றை எடுத்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது மறுபதிப்பு. சுங்க வரியும் கூரியர் கட்டணமும் சேர்ந்து கிட்டின் விலையை நெருங்கிவிட்டன. அதை வீட்டில் சொல்லவில்லை.

1/350 அளவில் வேறொரு கிட் 2012-இல் வந்தது. துல்லியம் வேண்டுமென்றால் அதுதான். ஆனால் 80 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். அதை வைக்க எங்கள் வீட்டில் தோதான ஒரே இடம் சாமி அலமாரி. அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதே நல்லது.

ஏஎம்டிக்கும் தொடருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் சுவாரஸ்யமானது. வாரா வாரம் கப்பலைக் கிரகத்தில் இறக்கிக் காட்டத் தயாரிப்பாளர்களிடம் பணமில்லை. ஆட்கள் மினுமினுத்து மறைந்து வேறிடத்தில் தோன்றும் டிரான்ஸ்போர்ட்டர் உத்தி பிறந்ததே அந்தப் பஞ்சத்தில்தான். அப்புறம் கலிலியோ என்ற சிறு ஓடத்தை ஆள் ஏறி இறங்கும் அளவில் கட்டித்தர ஏஎம்டி முன்வந்தது. பதிலுக்குக் கிட் விற்கும் உரிமை கிடைத்தது. அந்த ஓடம் பல கை மாறி, வெயிலிலும் மழையிலும் கிடந்து, கடைசியில் புதுப்பிக்கப்பட்டு 2013-இல் ஹூஸ்டன் விண்வெளி மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகஸ்ட் 13

பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுக்கும்போது தூர்தர்ஷன் நினைவு. எண்பதுகளின் ஞாயிறு காலைகளில் ஸ்டார் டிரெக் வரும். 1969-லேயே 79 பகுதிகளோடு முடிந்துபோன தொடர் அது. எங்களுக்கு அது தெரியாது. சுடச்சுட அமெரிக்காவிலிருந்து வருகிறது என்றே நம்பினோம்.

பக்கத்து வீட்டில் ஷட்டர் வைத்த கருப்பு வெள்ளை டிவி. ஆங்கிலம் பாதி புரியாது, மீதியை நாங்களே இட்டு நிரப்பிக்கொள்வோம். கப்பலில் வரும் ஸ்பாக் என்ற வேற்றுக்கிரகத்தானின் கூர்க்காதைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டம் ஒன்று, கப்பல் எப்போது வரும் என்று காத்திருக்கிற நான் ஒருவன்.

சிவப்புச் சட்டை போட்டவன் கேப்டன் கிர்க்கோடு கிரகத்தில் இறங்கினால் செத்தான் என்பது உலகப் பிரசித்தமான கேலி. எங்களுக்கு எல்லாச் சட்டையும் சாம்பல் நிறம். யார் சாவான் என்று கடைசிவரை தெரியாது. வண்ணத்தில் பார்த்தவர்களுக்கு இந்தப் பதைபதைப்பு வாய்த்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

ஆகஸ்ட் 17

இந்தக் கிட்டைக் கட்டியவர்கள் எல்லோரும் புலம்புவது ஒன்றுதான்: பின்னால் இருக்கும் இரண்டு என்ஜின் குழாய்கள், அதாவது நசெல்கள், காலப்போக்கில் தொங்கிவிடும். மெலிந்த தூண்கள், கனமான குழாய்கள். வேறென்ன ஆகும்? ஹார்டுவேர் கடையில் மெல்லிய பித்தளைக் கம்பி வாங்கித் தூணுக்குள் விட்டு, எம்சீல் வைத்து அடைத்தேன். இப்போது கப்பலையே நசெலைப் பிடித்துத் தூக்கலாம்.

தூணை இவ்வளவு நீளமாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கப்பலை வடிவமைத்த மேட் ஜெஃப்ரீஸ் விமானம் ஓட்டத் தெரிந்தவர். ஒளியை மிஞ்சும் வேகத்துக்கான என்ஜின் ஆபத்தானதாகத்தான் இருக்கும், அதன் பக்கத்தில் மனிதர்கள் குடியிருக்கக் கூடாது என்று யோசித்துத் தள்ளி வைத்தார். பழுதுபார்ப்பதெல்லாம் உள்ளிருந்தே நடக்க வேண்டும், எனவே வெளிப்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும் என்றார். கப்பலின் மேல் எழுதியிருக்கும் என்சிசி-1701 என்ற எண்ணில் உள்ள என்சி அமெரிக்க விமானங்களின் பதிவெண்ணிலிருந்து வந்தது. பின்னாளில் வந்த விண்வெளிப் படங்களில் கப்பலின் மேலெல்லாம் குழாயும் பெட்டியும் அப்பியிருக்கும். பார்க்கப் பிரமாதம்தான். ஆனால் ஒரு போல்ட் கழன்றால் யார் வெளியே போய் மாட்டுவது?

ஆகஸ்ட் 18

மழை. புட்டி காயவில்லை. தொடாமல் விட்டேன்.

ஆகஸ்ட் 24

என்ன வண்ணம் அடிப்பது? ஒரு வாரமாக இதே யோசனை.

வெள்ளை என்பார் சிலர், நீலம் கலந்த சாம்பல் என்பார் சிலர். திரையில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு நிறமாகத் தெரிந்தால் பாவம் அவர்கள் என்ன செய்வார்கள். படப்பிடிப்பு மாடல் இன்னும் இருக்கிறது, வாஷிங்டனில், தேசிய வான் விண்வெளி அருங்காட்சியகத்தில். 3.4 மீட்டர் நீளம். ரிச்சர்ட் டாட்டினும் கூட்டாளிகளும் 1964-இல் மரம், பிளாஸ்டிக், தகடு கொண்டு கட்டியது. தொடர் முடிந்தபின் 1974-இல் பாரமவுண்ட் பட நிறுவனம் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது.

கொடுத்தபின் நடந்ததுதான் கதை. மூன்று முறை செப்பனிட்டார்கள். 1991-இல் செய்ததில் உடம்பு முழுக்கக் கட்டம் கட்டமாக நிழல் அடித்துத் தகடு பொருத்தியது போலக் காட்டினார்கள். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். எனக்கும் அது பிடிக்காது. ஜெஃப்ரீஸ் வழவழப்பாக வை என்றால் இவர்கள் ஓடு வேய்ந்துவிட்டார்கள். 2000-லிருந்து பல வருடம் கப்பல் இருந்த இடம் எது தெரியுமா? அருங்காட்சியகத்தின் பரிசுப்பொருள் கடை!

2014-இல் கழற்றியெடுத்து, 1967 ஆகஸ்டில் எப்படி இருந்ததோ அப்படியே மீட்பது என்று முடிவு செய்தார்கள். அதற்காக 1976-க்கு முன் யாரேனும் எடுத்த புகைப்படம் இருந்தால் தாருங்கள் என்று பொதுமக்களிடமே கேட்டார்கள். நல்ல வேளையாக, அத்தனை செப்பனிடலிலும் கைவைக்காமல் விட்ட ஒரு பகுதி இருந்தது: கப்பலின் முன்பக்கமாக உள்ள வட்டத் தட்டின் மேற்புறம். அங்கே அசல் பெயிண்ட் அப்படியே இருக்க, மற்ற இடங்களுக்கு அதைப் பார்த்து நிறம் சேர்த்தார்கள். லேசாகப் பச்சை தட்டும் சாம்பல். 2016-இல் அதைப் பறத்தல் சாதனைகளுக்கான கூடத்தில், நிஜ விண்கலங்களோடு கொண்டுபோய் வைத்தார்கள்.

நானும் அந்தப் பச்சை தட்டும் சாம்பலைத்தான் கலந்தேன். என் நினைவில் இருக்கும் கப்பலோடு அது சண்டைக்கு வரவில்லை. கருப்பு வெள்ளையில் பார்த்தவனுக்கு எந்தச் சாம்பலும் சொந்தம்.

ஆகஸ்ட் 31

தட்டின் மேல் கட்டக் கோடுகள் பிளாஸ்டிக்கிலேயே அச்சாக வருகின்றன. நிஜ மாடலில் அவை பென்சிலால் போட்ட கோடுகள். கேமராவில் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். புட்டி பூசி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்து மறைத்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. நாளை கூர்மையான பென்சிலும் காம்பஸும்.

செப்டம்பர் 6

அக்கா மகன் வந்திருந்தான். பொறியியல் படிக்கிறான், அவன் கல்லூரியில் முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கிறது. கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

“மாமா, இந்தப் பக்கம் வேலை முடியலையா? ஜன்னலே இல்லையே.”

“முடிஞ்சுது. அந்தப் பக்கம் அப்படித்தான்.”

தொடரின் முதல் சோதனைப் படத்துக்குக் கட்டியபோது படப்பிடிப்பு மாடலுக்குள் விளக்கே கிடையாது. பிறகு விளக்கு வைக்க வேண்டும் என்றானபோது ஒயரெல்லாம் இடப்பக்கமாகத்தான் வெளியே வந்தது. அதற்கப்புறம் கப்பலை வலப்பக்கமிருந்து மட்டுமே படம்பிடித்தார்கள். கப்பல் எதிர்த்திசையில் பறக்க வேண்டுமா? எண்ணையும் பெயரையும் கண்ணாடியில் தெரிவது போல மாற்றி எழுதி ஒட்டி, எடுத்த படத்தைத் திருப்பிப் போட்டுவிடுவது. அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் பையன் வாயைப் பிளந்தான். “அப்போ நீங்க கட்டுறது கப்பலா, ஷூட்டிங் பொம்மையா?”

பொம்மையைத்தான். இந்த ஆர்வலர்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, கப்பல் நிஜமாக இருந்தால் எப்படி இருக்குமோ அப்படிக் கட்டும் சாதி. அவர்கள் இரண்டு பக்கமும் ஜன்னல் போடுவார்கள், உள்ளே எல்இடி வைப்பார்கள், ஓடம் நிற்கும் கூடத்தையும் கட்டுவார்கள். அவர்கள் கைத்திறன் முன்னால் நான் ஒன்றுமில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது, சொற்பக் காசில் நாலைந்து பேர் மரத்தைச் சீவி, ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வைத்து, பாதி உலகத்தை ஏமாற்றிய அந்தத் துணிச்சல். பழைய சார்ஜர் ஒயரிலிருந்து உருவிய செம்புக் கம்பியை இடப்பக்கம் தொங்கவிட்டிருக்கிறேன்.

பையனுக்கு இன்னொன்றும் சொன்னேன். பெரிய மாடலுக்கு முன் மூன்றடி நீளத்தில் ஒன்று செய்தார்கள். எழுபதுகளின் கடைசியில் இரவல் போனது திரும்பவே இல்லை. 2023-இல் இணைய ஏலத்தில் திடீரென்று தலைகாட்டியது. 2024-இல் தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் மகன் கைக்கு வந்து சேர்ந்தது. “இரவல் கொடுத்தா இப்படித்தான் மாமா,” என்றான், பெயிண்ட் தெளிக்கும் என் ஏர்பிரஷைப் பையில் போட்டுக்கொண்டே.

செப்டம்பர் 8

1966-இல் தொடர் தொடங்கிய தேதி இது. தற்செயலாக இல்லை, திட்டமிட்டே இன்று டீக்கால், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் எண், எழுத்துத் தாள்களை ஒட்டி முடித்தேன். வெந்நீர், மெல்லிய பிரஷ், மூச்சை அடக்கிக்கொள்வது.

உபரி எண்கள் மிச்சமிருக்கின்றன. அவற்றைப் பார்த்ததும் மனசு 1967 அக்டோபரில் ஒளிபரப்பான பகுதிக்குப் போனது. உருக்குலைந்து மிதக்கும் கான்ஸ்டலேஷன் என்ற கப்பலை அதில் காட்டுவார்கள். அதற்காகத் தனி மாடல் கட்டக் காசில்லை. கடையில் விற்ற இதே ஏஎம்டி கிட்டைச் சிதைத்து, டீக்கால் எண்களை இடம்மாற்றி 1701-ஐ 1017 ஆக்கி ஒட்டிவிட்டார்கள். அதாவது படத்தில் வந்த கப்பலையே நான் துல்லியமாகக் கட்ட வேண்டுமென்றால், இந்தக் கிட்டைவிடச் சரியானது வேறில்லை. இன்னொன்று வாங்கி, முழுசாகக் கட்டி, மெழுகுவர்த்தியில் காட்டினால் போதும்.

மனைவியிடம் திட்டத்தைச் சொன்னேன்.

“காசு குடுத்து வாங்கி, ராத்திரி பகலா ஒட்டி, அப்புறம் கொளுத்துறதா?”

“ஆமாம்.”

“மொட்டைமாடில வச்சுக்கங்க. அந்த நாத்தம் வீட்டுக்குள்ள வரக்கூடாது.”

அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொண்டு ஆர்டர் போட்டுவிட்டேன்.