கணுக்கால் உயரக் காடு

ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்கி நான்கைந்து அடிதான் நடந்திருப்பேன். அடுத்த அடிக்காகத் தூக்கிய கால் தரையைத் தொடுவதற்குள், அது பதியவிருந்த இடத்திலிருந்தே செம்பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று படபடவென்று கிளம்பி, தரையோடு தரையாகப் பறந்து, சற்றுத் தள்ளியிருந்த மேட்டுக்குப் பின்னால் மறைந்தது. குனிந்து செடியை விலக்கிப் பார்த்தேன். கருஞ்சிவப்புச் சாயத்தைத் தெளித்து அரைகுறையாகத் துடைத்தது போன்ற ஏழு முட்டைகள், காய்ந்த புல் பரப்பிய சிறு குழியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. விலக்கிய செடியை இருந்தபடியே விட்டுவிட்டு, என் காலடித் தடத்திலேயே பின்னால் நடந்து பாதைக்குத் திரும்பினேன். மே மாதத்தின் தொடக்கம் அது. அதற்கு முன்பும் அந்த மேட்டுநிலத்துக்கு இரண்டு மூன்று முறை வந்திருந்தேன். ஒவ்வொரு முறையும் தொடுவானத்தையும் மேகங்களையும் பார்த்துவிட்டு, 'இங்கே காற்றைத் தவிர ஒன்றுமில்லை' என்று நினைத்துக்கொண்டே திரும்பியிருந்தேன்.

நான் சொல்வது இங்கிலாந்தின் வடகிழக்கில், யார்க்‌ஷயர் கடற்கரையை ஒட்டி உள்நோக்கி விரியும் நார்த் யார்க் மூர்ஸ் பகுதியைப் பற்றி. 1952ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இதன் மொத்தப் பரப்பு 1,436 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூர் நிலம். மிக உயர்ந்த இடமான ஊரா மூர் கூட 454 மீட்டர்தான் என்பதால் இதை மலை என்று சொல்ல நாக்கு கூசும். மேசைப் பலகை போன்ற மேட்டுநிலம், அதை விரல்களால் கீறியதுபோல் பள்ளத்தாக்குகள், அவற்றின் அடியில் பச்சை வயல்களும் கல்வீடுகளும், மேலே ஏறியதும் மரமே இல்லாத பழுப்புப் பரப்பு என்பதுதான் இதன் அமைப்பு. மூர் என்பதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் தேடிப் பார்த்துக் கைவிட்டேன். தரிசு என்றால் அது பழி. புல்வெளி என்றால் இங்கே புல்லே சிறுபான்மை. புதர்க்காடு என்றால் முழங்காலுக்கு மேல் எதுவும் வளர்வதில்லை.

இந்த வெறுமை ஆதியிலிருந்தே இருந்ததன்று. பனியுகத்துக்குப் பின் இங்கே காடு இருந்தது. வெண்கலக் காலத்து மக்கள், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்னர், மேய்ச்சலுக்கும் பயிருக்கும் அதை வெட்டியும் எரித்தும் திறந்துவிட்டார்கள். அடியில் இருப்பதோ ஜுராசிக் காலத்து மணற்பாறை. மரங்களின் வேர்ப்பிடிப்பு போனதும், ஓயாத மழை மண்ணின் சத்தையெல்லாம் கீழே கழுவி இறக்கியது. கரைந்து இறங்கிய இரும்பு ஓரடி ஆழத்தில் கெட்டியான தகடுபோல் படிந்து, நீரை மேலேயே நிறுத்தியது. அமிலமும் ஈரமும் வறுமையும் கூடிய அந்த மண்ணில் பயிர் விளையவில்லை. ஹெதர் என்னும் குறுஞ்செடிக்கு மட்டும் அது வாய்ப்பாக அமைந்தது. காட்டை அழித்தவர்களின் புதைமேடுகள் இன்றும் முகடுகளில் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு ஊரார் வழங்கும் 'ஹௌ' என்ற பெயர், பின்னால் வந்த வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது.

ஹெதரில் இங்கே மூன்று வகை உண்டு. உலர்ந்த சரிவுகளில் ஜூலையிலேயே அடர்சிவப்பு மணிகளாகப் பூப்பது பெல் ஹெதர். ஈரமான இடங்களில் வெளிறிய இளஞ்சிவப்பில் பூப்பது கிராஸ்லீவ்டு ஹீத். மற்ற இடமெல்லாம் லிங். ஆகஸ்டில் லிங் பூக்கும்போது முழு மேட்டுநிலமும் ஊதாவாகிவிடும். சுற்றுலாப் பயணிகள் வருவது அப்போதுதான். தேனீ வளர்ப்போர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவந்து மூரின் ஓரங்களில் இறக்கிவைப்பதும் அப்போதுதான். இந்தத் தேன் அடையில் கூழாக உறைந்து நிற்கும், கிளறினால் இளகும், விட்டால் மீண்டும் இறுகும். அந்த ஊதாப் பருவத்தின்மீது எனக்குப் பெரிய பற்று இல்லை. ஆகஸ்டில் கண்ணுக்கு விருந்து கிடைக்கிறது, காதுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பறவைகளில் பெரும்பாலானவை அதற்குள் குஞ்சுகளோடு கிளம்பிப் போயிருக்கும். மார்ச் முதல் ஜூன் வரை, செடிகள் கருகியதுபோல் நிற்கும் நாட்களில்தான் இந்த நிலம் பேசுகிறது.

மரம் இல்லை என்ற ஒற்றை உண்மையிலிருந்து இங்குள்ள வாழ்க்கை முழுவதையும் விளங்கிக்கொள்ளலாம் என்று இப்போது தோன்றுகிறது. கூடு கட்டக் கிளை இல்லாததால் எல்லாப் பறவைகளும் தரைக்கு வந்தாக வேண்டும். நான் மிதிக்கவிருந்தது சிவப்பு கிரௌஸ் என்னும் பறவையின் கூடு. கௌதாரியை விடப் பருத்த, இறகு மூடிய கால்களை உடைய இப்பறவை ஆண்டு முழுவதும் மூரை விட்டு இறங்குவதில்லை, ஹெதரின் தளிரைத் தின்றே காலம் தள்ளுகிறது. அதன் கூப்பாடு 'கோபேக், கோபேக்' என்று, 'திரும்பிப் போ' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களைப் போலவே ஒலிப்பதாக இங்குள்ளோர் சொல்வார்கள். என்னிடம் அது சொன்னபோது நான் கீழ்ப்படிந்தேன் என்றே வைத்துக்கொள்ளலாம். மெர்லின் என்னும் சிறு வல்லூறு இந்நாட்டின் இரைக்கொல்லிப் பறவைகளிலேயே மிகச் சிறியது. அதுவும் இங்கே முதிர்ந்த ஹெதரின் அடியில் மண்ணில்தான் முட்டையிடுகிறது. வானத்தில் நெட்டைக்காலி என்னும் சிறு பறவைகளைத் துரத்திப் பிடிக்கும் பறவை தன் வீட்டுக்கு மட்டும் நடந்து நுழைகிறது. அந்த நெட்டைக்காலிகளின் கூடும் புல் கொத்துக்குள் தரையில்; அதில் திருட்டு முட்டை வைக்கவரும் குயிலும் தரைக்கே இறங்க வேண்டியிருக்கிறது.

இவற்றில் என்னை இந்த நிலத்தோடு கட்டிப்போட்டது கர்லூ. கீழ்நோக்கி வளைந்த, உடலுக்குப் பொருந்தாத அளவு நீண்ட அலகுடைய இந்தப் பறவை குளிர்காலத்தைக் கடலோரச் சேற்றில் கழித்துவிட்டு, பிப்ரவரி, மார்ச் வாக்கில் மேட்டுக்கு ஏறிவரும். சிறகை அடித்துச் செங்குத்தாக எழும்பி, பிறகு சிறகை விரித்தபடியே மிதந்து இறங்கும்போது அது எழுப்பும் ஒலி, தனித்தனிச் சீழ்க்கைகளாகத் தொடங்கி, நெருங்கி, கடைசியில் தண்ணீர் கொப்பளிப்பது போன்ற ஒரே நடுக்கமாக முடிகிறது. முதன்முறை கேட்டபோது அது பறவையின் குரல் என்று நம்பாமல் ஓடையைத் தேடினேன். பிரிட்டனில் இனப்பெருக்கம் செய்யும் கர்லூக்களின் எண்ணிக்கை 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததால், 2015 டிசம்பரில் அதை நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். முதிர்ந்த பறவை முப்பது ஆண்டுகூட வாழக்கூடியது என்பதால் இந்தச் சரிவு சட்டென்று கண்ணில் படுவதில்லை. வழக்கமான சரிவில் வழக்கமான இணை கூவிக்கொண்டுதான் இருக்கும், குஞ்சு மட்டும் தேறாது.

ஈரப் பள்ளங்களின் கணக்கு வேறு. அங்கே ஸ்பேக்னம் பாசி தன் உலர் எடையைப்போல் இருபது மடங்கு வரை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, இறந்த பின்னும் மக்காமல் படிந்து, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் பீட் என்னும் கரிய சதுப்பு மண்ணாகிறது. அதன்மேல் ஜூனில் பஞ்சுக்கோரை வெள்ளைக் குஞ்சங்களை ஆட்டிக்கொண்டு நிற்கும். பாசிக்கு நடுவே, சட்டைப் பொத்தான் அளவில், சிவந்த மயிர்களின் நுனியில் பசைத்துளி மின்ன ஒரு செடியைக் கண்டு மண்டியிட்டபோது, நம் வைத்திய நூல்கள் அழுகண்ணி என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது அது என்று தெரிந்து மகிழ்ந்தேன். சத்தில்லாத மண்ணில் பூச்சி பிடித்து உண்ணும் அதன் தொழில் இங்கும் அதேதான். அவ்வாறே, ஏப்ரல் வெயிலில் ஆரஞ்சு நிறப் பின்சிறகுகளோடு பித்துப்பிடித்ததுபோல் குறுக்கும் நெடுக்கும் பறக்கும் எம்பரர் அந்துப்பூச்சி, நமக்கு டசர் பட்டுத் தரும் பூச்சியின் உறவு. அதன் புழு ஹெதரைத் தின்கிறது. தெற்கு நோக்கிய கரைகளில் மார்ச் மாத வெயிலுக்குச் சுருண்டு கிடக்கும் அடர் விரியன்தான் பிரிட்டனின் ஒரே நச்சுப்பாம்பு. இருமுறை கண்டிருக்கிறேன், இருமுறையும் அதுவே விலகிப் போயிற்று.

கருமுகம் கொண்ட ஸ்வேல்டேல் ஆடுகளுக்கு இங்கே வேலி கிடையாது. எந்த மேய்ச்சல் தன்னுடையது என்பதை ஆடு தன் தாயிடம் குட்டியாக இருக்கும்போதே கற்றுக்கொள்கிறது. 'ஹெஃப்ட்' என்று சொல்லும் இந்தப் பழக்கம் அறுந்துபோனால் மந்தையை விலைக்கு வாங்கிவந்து நிரப்பிவிட முடியாது.

இனி, இந்த நிலத்தை இப்படியே வைத்திருப்பது எது என்ற சங்கடமான கேள்வி. ஆடும் தீயும் இல்லாவிட்டால் மேட்டுநிலத்தில் பெரணியும் பூர்ச்ச மரக் கன்றுகளும் ஏறிவிடும். தீ வைப்பவர்கள் கிரௌஸ் வேட்டைக்காக நிலத்தைப் பேணுவோர். ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரையிலான வேட்டைப் பருவத்துக்குப் பறவை மிகுதியாக வேண்டும். அதற்குத் தின்ன இளந்தளிரும் ஒளிய முதிர்ந்த செடியும் அருகருகே வேண்டும். ஆகவே அக்டோபர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை சிறு சிறு பட்டைகளாக ஹெதரை எரிக்கிறார்கள்; எதிர்ச்சரிவிலிருந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட போர்வைபோல் தெரிவது இதனால்தான். பீட் மண் எரிந்தால் அதிலுள்ள கரிமம் காற்றில் கலக்கும் என்பதால், 2021ஆம் ஆண்டு விதிகள் பாதுகாக்கப்பட்ட இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமான பீட்டின்மேல் உரிமமின்றி எரிப்பதைத் தடுத்தன. 2025இல் அந்த அளவு 30 சென்டிமீட்டராக இறுக்கப்பட்டது. இந்தப் பகுதியின் பீட் பெரும்பாலும் ஆழம் குறைந்தது என்பதால் எரிப்பு இங்கே முற்றிலும் நின்றுவிடவில்லை.

வேட்டைக்காகப் பறவையை வளர்ப்பது எனக்கு உவப்பானதன்று. ஆனால் கர்லூவை நேசிப்பவன் இதை எளிதாக ஏசிவிட்டுப் போகவும் முடியாது. வேட்டை மூர்க் காவலர்கள் நரியையும் காகத்தையும் மரநாய் இனத்துச் சிறு கொல்லிகளையும் கட்டுப்படுத்துகிறார்கள். 2000ஆம் ஆண்டு முதல் நார்தம்பர்லாந்தின் ஆட்டர்பர்னில் சில ஆண்டுகள் நடந்த கள ஆய்வில், இப்படிக் கட்டுப்படுத்திய இடங்களில் கர்லூ, ஆள்காட்டி, தங்கநிற உப்புக்கொத்தி முதலியவை குஞ்சு தேற்றுவது சராசரியாக மூன்று மடங்கானது. தரையில் முட்டையிடும் பறவைக்கு நரி இல்லாத தரை எவ்வளவு பெரிய பேறு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மறுபக்கம், 1954ஆம் ஆண்டு முதல் சட்டம் காக்கும் ஹென் ஹாரியர் என்னும் பூனைப்பருந்து, கிரௌஸ் குஞ்சைத் தின்பதால் பகையாகிவிட்டது. செயற்கைக்கோள் கருவி பூட்டிய 58 பருந்துகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு, கிரௌஸ் மூர்களின்மேல் பறக்கும்போது அவை இறப்பதற்கோ காணாமற்போவதற்கோ உள்ள வாய்ப்பு மற்ற இடங்களைப்போல் பத்து மடங்கு என்று காட்டியது. ஒரே சரிவில் கர்லூவுக்குப் பேறாக இருக்கும் கட்டுப்பாட்டின் அடுத்த பக்கம் இது. நரியைப் பிடிப்பது வேறு, சட்டத்தை மீறிப் பருந்தைச் சுடுவது வேறு. இரண்டையும் 'மூர்ப் பராமரிப்பு' என்ற ஒரே போர்வைக்குள் வைத்துப் பேசுவோரிடம் எனக்கு உடன்பாடில்லை.

கட்டுக்குள் வைத்த தீ செடியின் தலையை மட்டும் எரித்துவிட்டுப் போகும். கட்டறுந்த தீ மண்ணையே எரிக்கும். 2003 செப்டம்பரில் ஃபைலிங்டேல்ஸ் மூரில் பற்றிய தீ சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டரில் பீட்டைச் சாம்பலாக்கியது. சாம்பல் கழுவப்பட்டதும் வெளியே தெரிந்தவை ஏராளம்: கோடுகள் செதுக்கிய வரலாற்றுக்கு முந்தைய கல், படிகாரத் தொழிலுக்காக வெட்டிய வாய்க்கால்கள், இரண்டாம் உலகப்போரில் வீரர்கள் பயிற்சிக்குத் தோண்டிய குழிகள். அந்தச் செதுக்குக் கல்லை அளந்து பதிவு செய்துவிட்டு அதே இடத்தில் மண்மூடி வைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 2025 ஆகஸ்டில் லாங்டேல் மூரில் வாரக்கணக்கில் எரிந்த தீயிலோ, மண்ணுக்குள் கிடந்த போர்க்கால வெடிகள் வெடிக்கத் தொடங்கி, அணைக்க வந்தவர்களையே அண்டவிடாமல் செய்தன.

ரோஸ்டேல் பள்ளத்தாக்கின் தலைமாட்டைச் சுற்றி, முகட்டுக்குச் சற்றுக் கீழாக ஒரு சமதளப் பாதை போகிறது. 1861 முதல் 1929 வரை இரும்புக்கல்லை ஏற்றிச்சென்ற ரயிலின் தடம் அது. தண்டவாளம் போய்க் கரித்தூள் மட்டும் மிஞ்சியிருக்கிறது, ஓரத்தில் கல் உலைகளின் வளைவுகள் நிற்கின்றன. ஜூன் மாதக் கடைசியில் ஒரு மாலை அதில் நடந்துகொண்டிருந்தபோது, தலைக்குமேல் ஒரு கர்லூ விடாமல் கத்திக்கொண்டு வட்டமிட்டது. பெண் பறவைகள் அந்த நேரத்தில் குஞ்சுகளை விட்டுவிட்டுக் கடலோரத்துக்கு முன்னதாகவே கிளம்பிவிடுவதுண்டு. கடைசிவரை காவல் நிற்பது பெரும்பாலும் ஆண்தான். எதிரே நாயோடு வந்தவர் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி நாயைக் காலோடு இழுத்துப் பிடித்துக்கொண்டார். மார்ச் முதல் ஜூலை முடிய இந்தத் திறந்த நிலங்களில் நாயைக் குட்டைக் கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எங்களுக்கு நடுவே, கரித்தூளின்மேல், நீண்ட கால்களும் இன்னும் நீளாத அலகுமாக ஒரு குஞ்சு நின்றது. அது நடந்தது, நின்றது, மறுபடி நடந்து ஓரத்து ஹெதருக்குள் நுழைந்தது. செடிகள் இரண்டொரு முறை அசைந்தன. நாய் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. மேலே கத்தல் நிற்கும்வரை நாங்கள் அப்படியே நின்றோம்.