கடைசி ரயிலுக்கு முந்தைய ஆட்டம்

1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, தங்கச்சிமடத்திலிருந்து அக்கரை ஊர்களுக்குக் கால்பந்து பார்க்கப் போன எங்களுக்கு, 1914இல் திறந்த ரயில் பாலத்தை விட்டால் வள்ளம்தான் வழி. ஒரு மாலையில், ஆஃப்சைடு என்று நடுவர் மறுத்த கோலுக்காக இரு தரப்பும் கைகலக்க, கல்லும் பனைமட்டையும் பறந்தன; செருப்புகளை மணலிலேயே விட்டுவிட்டு ரயிலடிக்கு ஓடினோம். அண்ணனின் புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது. முதல் கல்லை எறிந்தவன் எங்கள் ஊர்க்காரன்தான் என்பதை நான் ஒளிக்க விரும்பவில்லை.

1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகள் ஆடியபோது மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் இறந்ததைப் பின்னாளில் படித்த இரவு, அண்ணனின் புருவத் தழும்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.