தைப்பூசத்துக்கு முன் வீட்டைப் பூட்டுவது

ஜனவரி 5, திங்கள்

காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், பூட்டிக் கிடந்த வீட்டில் களவு போயிருக்கிறது. வீட்டுக்காரர்கள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். என்றைக்குப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. எப்போதாவது பெருக்க வரும் பெண் இன்று பின்பக்கம் போனபோதுதான் கதவு பூட்டில்லாமல் வெறுமனே சாத்தினாற்போல் இருப்பதைப் பார்த்திருக்கிறாள். முன்வாசல் பர்மா தேக்குக் கதவில் ஒரு கீறல்கூட இல்லை.

வெள்ளிச் சாமானோடு பித்தளை அண்டாக்களும் பழைய பெல்ஜியம் கண்ணாடியும் போய்விட்டன. அதையெல்லாம் தலையில் சுமந்து போக முடியாது, வண்டி வந்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பில் நின்று கத்தினாலும் பின்கட்டில் கேட்காது. பின்தெருவில் ராத்திரி ஒரு வண்டி நின்றால் கேட்க ஆளும் கிடையாது.

ஓய்வுபெற்ற ஏட்டய்யா வந்திருந்தார். "ஆச்சி, அவன் மொதல்ல கதவைப் பார்க்கிறதில்ல, ஆள் இருக்கா இல்லையான்னு பார்க்கிறான். ஒரு வீட்டுல கை வச்சவன் அங்கயோ பக்கத்துலயோ மறுபடி வருவான். வழி பழகிப்போச்சுல்ல" என்றார். தைப்பூசத்துக்குப் பழநிப் பாதயாத்திரை நடைக்குப் போக நான் பேர் கொடுத்திருக்கிறேன். இந்த வீட்டில் குடியிருப்பது நான் ஒருத்திதான்.

ஜனவரி 7, புதன்

ஆசாரியைக் கூட்டி வந்து வீட்டைச் சுற்றிக் காட்டினேன். முகப்புக் கதவை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, நேராகப் பின்கட்டுக்குப் போய்விட்டார். அங்கே தொங்குவது நல்ல கனமான திண்டுக்கல் பூட்டு. 2019இல் நம் காரைக்குடி கண்டாங்கிச் சேலையோடு புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது மாட்டியிருக்கும் கொண்டியைப் பாருங்கள் என்று ஆசாரி ஸ்குரூடிரைவரை எடுத்தார். நாலு திருகாணி. ஒன்று கையோடு வந்துவிட்டது. பூட்டை யாரும் உடைக்க வேண்டாம், கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் கொண்டியே மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். நிலையின் அடிப்பாகத்தில் கறையான் வேறு அரித்திருக்கிறது.

அவர் சொன்ன வைத்தியம் இது: திருகாணிக்குப் பதில் கதவை ஊடுருவிப் போகும் போல்ட், உள்பக்கம் தகடு வைத்து நட்டு. வெளியே தொங்கும் பூட்டை எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து குறுக்கே போடும் இரும்புப் பட்டை. பின்கதவை உள்ளேயே அடைத்துவிட்டு முன்வாசல் வழியாக மட்டும் வெளியேறுவது. வெளியே பூட்டுத் தொங்காத கதவைப் பார்த்து உள்ளே ஆள் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு இது பிடித்திருந்தது.

வீட்டின் நடுவில் உள்ள வளவு முற்றத்துக்கு மேலே கம்பி வலை இருக்கிறது. ஒரு மூலையில் துரு. பின்சுவரை ஒட்டிய முருங்கைக் கிளையை வெட்டச் சொல்லிவிட்டேன். ஏணியை இனிமேல் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

செலவுக் கணக்கை, வீட்டில் பங்குள்ள பங்காளிகள் வாட்ஸப் குழுவில் போட்டேன். அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு, சாவி சென்னையிலும் பினாங்கிலும் இருக்கிறது. பின்கட்டும் வளவும் பொது. பொது என்றால் ஆளுக்கொரு கருத்து உண்டு, பணம் மட்டும் வராது. சென்னைத் தம்பி போன் பண்ணி, "அண்ணமிண்டி (அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்), கேமரா ஒண்ணு மாட்டிட்டா எல்லாம் முடிஞ்சுதே" என்றார். கேமரா படம் எடுக்கும், கதவைப் பிடித்துக்கொள்ளாதே தம்பி என்றேன். பதிவாகும் பெட்டியைக் கண்ணெதிரே வைத்தால் போகிறவன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். கரண்ட் போனால் எல்லாமே குருடு. கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்று பின்தெருவைப் பார்த்து இருக்கட்டும், பெட்டி மச்சில் ஒளிந்திருக்கட்டும், சின்ன யூபிஎஸ் சேர்ந்து இருக்கட்டும். முதல் பணம் நிலைக்கும் கொண்டிக்கும்.

கடைசியில் யாரிடம் எத்தனை சாவி இருக்கிறது என்று கேட்டேன். குழு அப்படியே அமைதியாகிவிட்டது.

ஜனவரி 12, திங்கள்

நகையும் வெள்ளியும் வங்கி லாக்கருக்குப் போயாயிற்று. வங்கியில் வேலை பார்த்தவள் என்பதால் ஊரில் என்னிடம்தான் இதைக் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் 2022 ஜனவரி முதலான விதிப்படி, திருட்டு, கொள்ளை, தீ, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். உள்ளே இருப்பது அதற்கு மேல் என்றால் அது உங்கள் பாடு. ஆனாலும் பீரோவைவிட லாக்கர் எவ்வளவோ தேவலை.

அண்டாவையும் தூக்குச் சட்டியையும் லாக்கரில் வைக்க முடியாது. அவற்றைத் திண்ணையில் வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்தேன், பக்கத்தில் ஒரு ஸ்கேலும் வைத்து. சீர் கொடுக்கும்போதே பாத்திரத்தில் விலாசம், அதாவது பெயரின் முதலெழுத்துகள், வெட்டிக் கொடுத்தார்களே, அந்த வெட்டு இப்போது உதவுகிறது. மாமியார் கொண்டுவந்த குடத்தில் அவர்கள் அப்பச்சியின் (அப்பாவின்) மூன்றெழுத்து விலாசம் இன்னும் தெளிவாக இருக்கிறது. அதைக் கிட்டத்தில் தனியாக எடுத்தேன். பழைய சாமான் கடையில் ஒரு குடத்தைக் காட்டி இது என்னுடையது என்று சொல்ல வேறு என்ன சாட்சி இருக்கிறது? கோவில் சிலைகள் விஷயத்திலும் இதேதான் நடந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டித்தான் வெளிநாட்டில் இருந்த பல சிலைகளை நம்முடையவை என்று நிறுவ முடிந்தது. படங்களை மகளுக்கு அனுப்பிவிட்டேன், என் போனோடு போய்விடாமல் இருக்க.

நூறு ஆண்டு கடந்த ஐம்பொன் சிலையோ ஓவியமோ இருந்தால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். பூஜை அறையில் ஒரு சிறிய முருகன் இருக்கிறார். வயது பார்க்க வேண்டும்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். வீடு நிறைய ஆள். யார் யார் அறைச் சாவியை எங்கே வைக்கிறார்கள் என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரிகிறது. நிலைக்கு மேல், மாடத்தில், உரலுக்கு அடியில்.

ஜனவரி 20, செவ்வாய்

பிறந்த ஊர் நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல். மத்தியானமே கிளம்பினோம். அண்ணன் பேத்தி அங்கிருந்து நேரலை போட்டு, 'பள்ளத்தூர் ஆயா வீட்டுல இருந்து எல்லாரும் இங்க வந்துட்டாங்க' என்றாள். அதாவது வீட்டில் யாரும் இல்லை என்று ஊருக்கே சொன்னாள். திட்டவில்லை, திரும்பி வந்தபிறகு போடச் சொன்னேன். இந்தக் குறிப்புகளையும் நடை முடிந்து வந்துதான் ஏற்றப் போகிறேன்.

ஜனவரி 22, வியாழன்

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வீடு பூட்டியிருக்கும், யாரிடம் சாவி, எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். ரோந்து வரும்போது பின்தெருவையும் பார்க்கச் சொன்னேன். அவசரத்துக்கு 112.

இன்சூரன்ஸ் பற்றி ஒன்று. வீட்டுக்கு எடுத்திருக்கும் 'பாரத் கிரஹ ரக்ஷா' திருட்டையும் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். தீ, வெள்ளம் போன்ற ஆபத்து நடந்து 7 நாளுக்குள் திருடு போனால்தான் அதில் கிடைக்கும். சாதாரணக் களவுக்குத் தனியாக எடுக்க வேண்டும். ஆள் இல்லாத வீடு என்றால் அதற்கென்று என்ன நிபந்தனை என்பதையும் படிக்க வேண்டும். நமக்குள்ள வீடுகளே அப்படித்தானே.

ஜனவரி 23, வெள்ளி

நாளை குன்றக்குடி, பழநி நடை அங்கிருந்துதான் தொடங்குகிறது. வேலைக்கு வரும் அக்கா தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடுவாள், வந்த தபாலையும் உள்ளே எடுத்து வைப்பாள். பால், பேப்பர் நிறுத்தியாயிற்று. முகப்பு விளக்கைப் போட்டுவிட்டே போனால் பகலிலும் எரிந்து காட்டிக் கொடுக்கும், டைமர் போட்டிருக்கிறது. முன்வாசல் சாவி ஏட்டய்யா வீட்டம்மாவிடம்.

பிப்ரவரி 4, புதன்

திரும்பிவிட்டேன், காலில் கொப்புளம். வீடு வீடாகவே இருக்கிறது, ஆனால் இவ்வளவு செய்ததால்தான் என்று சத்தியம் பண்ண முடியாது. ஏட்டய்யா இரண்டு ராத்திரி பின்தெருவில் டார்ச் அடித்திருக்கிறார், அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மேலே துருப்பிடித்த கம்பி வலை இன்னும் பாக்கி. சென்னைத் தம்பி பாதிப் பணம் போட்டுவிட்டார், பினாங்குக்காரர் அடுத்த வாரம் என்கிறார். சாவிக் கணக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை. பொது வாசல்களின் பூட்டை மாற்றிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன். புதுச் சாவி வேண்டுமென்றால் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.