மூடியில் ஒரு சொட்டு ஈயம்

பழைய தகர டப்பா ஒன்றின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மூடியின் நடுவே ஒரு சொட்டு ஈயம், மிளகு அளவுக்கு.

மேலே உள்ள துளை வழியாக உணவை நிரப்பி, வட்டத் தகட்டை வைத்துப் பற்றவைப்பார்கள். தகட்டில் ஊசித்துளை மட்டும் விட்டுச் சூடாக்குவார்கள். காற்றும் ஆவியும் வெளியேறியதும் அந்தச் சொட்டு!

1813-ல் லண்டன் பெர்மண்ட்சியில் பிரையன் டான்கின் என்பவரின் டப்பா உணவு ஆலையில் எல்லாமே கைவேலைதான்: வெட்டு, வளை, பற்றவை. அப்புறம் மூடியை அடித்தெடுக்கும் அச்சு வந்தது. 1870களில் அமெரிக்காவில் வந்த இயந்திரம்தான் என்னை அசத்துகிறது. டப்பாக்களைச் சாய்வாக உருட்டிவிடுவார்கள். விளிம்பு மட்டும் உருகிய ஈயத்தில் நனைந்தபடி ஓடும். ஒரு சுற்று உருண்டால் போதும், மூட்டு முழுக்க ஈயம் பிடித்துவிடும்.