பதினோராவது சுற்று

காலையில் அப்பாவின் வாட்சுக்குச் சாவி கொடுத்தேன். பத்து சுற்று வரை அசைவில்லை. பதினோராவதில் விநாடி முள் லேசாக நடுங்கியது, அப்புறம் ஓட ஆரம்பித்தது.

காதில் வைத்துக் கேட்டேன். விநாடிக்கு 5 துடிப்பு, மணிக்கு 18,000. அந்தக் காலத்துச் சாவி வாட்சுகளில் பலவும் இந்தக் கணக்குதான்.

கண்ணாடியில் குறுக்காக ஒரு கீறல். அக்ரிலிக் என்பதால் பாலிஷ் போட்டால் போய்விடும். போடவில்லை.

எதில் உரசியது என்று அப்பாவிடம் அப்போதே கேட்டிருக்கலாம்.

என்னிடம் இருப்பது மொத்தம் நாலு. எதுவும் விலை உயர்ந்ததில்லை. மாமா கொடுத்தவை இரண்டு. நாலாவது மட்டும் நானே தேடி வாங்கிய பழைய சீக்கோ. பின்மூடியில் இருக்கும் வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். 7, 3 என்று இருந்தது. மாடலையும் சேர்த்துப் பார்த்தால் 1977 மார்ச்.

அக்கா பிறந்த மாதம். பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை.

முகப்புக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்ததை மட்டும் தொடுவதில்லை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

அப்பாவுடையது ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பிந்துகிறது. ராத்திரி மறுபடி சரிசெய்து வைத்தேன்.