ஹுடா சோக்பி 16 வருடம் தேடிய மரபணு

முதல் ஒரு வருடம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். தவழ்வாள், சிரிப்பாள், "அம்மா" என்பாள். அப்புறம் அந்தச் சொல் போய்விடும். பொம்மை பிடித்த கைகள் ஓயாமல் ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருக்கும். ரெட் (Rett) சிண்ட்ரோம் என்ற மூளை வளர்ச்சி நோய் இது, பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கே வருவது.

1983-இல் ஹூஸ்டனில் அப்படியொரு சிறுமியைப் பார்த்தார், குழந்தைகள் நரம்பியல் பயிற்சியில் இருந்த ஹுடா சோக்பி. லெபனான் போரால் பெய்ரூத்தில் மருத்துவப் படிப்பை விட்டு அமெரிக்கா வந்தவர். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே வருகிற நோய்க்கு மரபணுவை எப்படித் தேடுவது? விடவில்லை மனுஷி. 1999-இல் அவர் குழு பிடித்துவிட்டது: எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்இசிபி2 (MECP2) என்ற மரபணு. அதில் நேரும் பிழைதான் நோய்க்குக் காரணம்.

அநேகமாக அந்தப் பிழை அப்பாவின் விந்தணுவில் புதிதாக நேர்ந்தது. "கர்ப்பத்தில் என்னத்தைச் சாப்பிட்டாய்?" என்று அம்மாவைக் குடைகிறவர்கள் கவனிக்கவும்.

அபூர்வமாக, பெற்றோரின் சில இனச்செல்களில் (விந்தணு அல்லது முட்டையில்) மட்டும் பிழை ஒளிந்திருக்கும்; அடுத்த குழந்தைக்கும் அது வரலாம். அதனால் மூத்த குழந்தைக்கு எந்தப் பிழை என்று தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தில் பனிக்குட நீரை எடுத்துச் சோதித்துவிடலாம்.

2007-இல் பிரிட்டிஷ் மரபியலாளர் ஏட்ரியன் பேர்டின் குழு, அந்த மரபணு முடக்கப்பட்டு நோயுற்ற எலிகளில் அதை மறுபடி இயக்கியது. முற்றிய அறிகுறிகள்கூடப் பின்வாங்கின. நரம்பணுக்கள் சாகவில்லை, வேலைதான் செய்யவில்லை.