கோடு எந்தப் பக்கம் சாயும்? நுண்கலை நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு

செவ்வாய்க்கிழமை யு.பி.யு. முடிவு, அதாவது மலேசியப் பல்கலைக்கழக இடங்களுக்கான முடிவு, வந்தது. நுண்கலைப் பிரிவில் இடம் கிடைத்துவிட்டது, இரண்டாவது தடவையில். பாட்டி தேங்காய் உடைக்கக் கோயிலுக்குப் போயிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் எழுதிவிடுகிறேன். எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) புள்ளிகள், மூவெட் (ஆங்கிலத் தேர்வு) எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது ஃபோலியோவை, நேர்காணலுக்குக் கொண்டுபோகும் படத் தொகுப்பைப் பற்றி மட்டும்.

போன வருஷம் 18 படங்கள் கொண்டுபோனேன். புலி, இரட்டைக் கோபுரம், ஒரு நடிகரின் முகம். எல்லாமே போனில் பார்த்து வரைந்தவை. பென்சில் நிழல் வேலை எனக்குச் சுத்தமாக வரும், அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தோட்டத்துப் பிள்ளை என்று காட்டிக்கொள்ள ஒரு பால்மரத்தையும் (ரப்பர் மரம்) சேர்த்திருந்தேன். நேர்காணலில் எதிரே இருந்தவர்களில் ஒருவர் அதை மட்டும் எடுத்து என் பக்கம் திருப்பி, “இந்த மரத்தில் பால் வெட்டியது யார்?” என்று மலாயில் கேட்டார். புரியாமல் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

இடம் கிடைக்காத பிறகுதான் பாட்டியிடம் காட்டினேன். 30 வருஷம் ஜொகூரில் ரெங்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டியவர். “யாருடி இவன், பீச்சாங்கைக்காரனா? கோடு இந்தப் பக்கமா சாயுது?” என்றார். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் லேசாகச் சாய்ந்து போவதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடும். நான் பார்த்து வரைந்த படத்தை எவனோ கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டிருக்கிறான். லயத்துக்கு, நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மரம் நிற்கிறது. நான் உள்ளே உட்கார்ந்து போனைப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பரில் அத்தை மகள் கல்யாணம், சிங்கப்பூரில். எனக்கு முதல் வெளிநாடு. ஜொகூர்க்காரிக்குப் பாலத்தைத் தாண்ட இத்தனை வருஷமா என்று சிரிக்காதீர்கள், பாஸ்போர்ட்டே அப்போதுதான் எடுத்தேன். ஜொகூர் பாரு லார்க்கினில் 170-ஆம் நம்பர் பஸ் ஏறி, சிங்கப்பூர் குவீன் ஸ்திரீட்டில் இறங்கினோம். கல்யாணத்துக்கு மறுநாள் நேஷனல் கேலரி. பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்து 2015-இல் திறந்த இடம். சிங்கப்பூரர்களுக்கு இலவசம், நமக்குக் காசு. நம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மாற்றிப் பார்க்காதீர்கள், வயிறு எரியும்.

அங்கே சுவா மியா தீ 1959-இல் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’. ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து மலாய் படிக்கிறார்கள். கரும்பலகையில் இரண்டு கேள்விகள்: சியாப்பா நாமா காமு? டி மானா அவாக் திங்கால்? பெயர் என்ன, எங்கே இருக்கிறாய். ஒன்றாம் ஆண்டில் நாம் ஒப்பித்ததுதான். ஆனால் அந்த இரண்டாவது கேள்வியை யாரோ என் ஃபோலியோவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதுபோல் இருந்தது. அத்தை வந்து கையைப் பிடித்து இழுக்கும் வரை நகரவில்லை.

லியூ காங்கின் 1954 ஓவியம் ஒன்று உண்டு: சக ஓவியர் சென் வென் ஹ்சி உட்கார்ந்து பாலித் தீவுப் பெண் ஒருத்தியை வரைந்துகொண்டிருப்பார். இவர்கள் இருவரும் இன்னும் இரண்டு ஓவியர்களும் சேர்ந்து பாலிக்குப் போனது 1952-இல். ஓவியம் வந்தது இரண்டு வருஷம் கழித்து. சரி, போன இடத்தில் கோடுகளை மட்டும் இழுத்துக்கொண்டால் போதும், ஓவியம் பிறகு வரும் என்று பட்டது. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஒரு சின்ன நோட்டு வாங்கி, பூக்கடை ஓரமாக நின்றேன். பூக்கட்டுகிற அக்காவின் கட்டைவிரலைப் பதினைந்து தடவை வரைந்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. (நேர்காணலில் அதிக நேரம் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான்.)

ஊருக்கு வந்ததும், கொல்லையில் ஆணி போட்டு வைத்திருந்த பாட்டியின் பழைய மங்கு ஒன்றை, மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தை, எடுத்தேன். அடியில் காய்ந்த பால் தோல்போல் ஒட்டியிருந்தது, தேன் நிறத்தில். அதில் எந்தக் காலத்திலோ சிக்கிச் செத்த ஓர் எறும்பு. அந்த ஒரு மங்கு, அதையே ஏழு படம் வரைந்தேன்.

இனி உங்களுக்கு:

- போனைப் பார்த்து வரைந்தது ஒன்றுகூட வேண்டாம். என் தோழி ஒருத்தி அப்படியே கொண்டுபோய் இடம் வாங்கினாள்; இருந்தாலும் சொல்கிறேன், வேண்டாம்.
- பால்பாயிண்ட் பேனா. அழிக்க முடியாது, அதனால்தான்.
- ஒவ்வொரு பக்கத்திலும் இடமும் நேரமும் குறித்து வையுங்கள்.
- என்னைப்போல் கூச்சப்படுகிறவர்கள் விடிகாலையில் சந்தைக்குப் போங்கள், அவரவர் வேலையில் இருப்பார்கள். வாயாடிகள் எப்போது போனாலும் பிழைத்துக்கொள்வார்கள்.
- சிங்கப்பூர் போய்த்தான் ஆக வேண்டுமா? செலவு. ஆனால் நான் போகாமல் இருந்திருந்தால் இன்னொரு புலிதான் வரைந்திருப்பேன்.

இந்த வருஷம் உள்ளே இருந்தது வேறு ஆட்கள். ஒருவர் மங்குப் படத்தைக் காட்டி, “ஆஷ்ட்ரேயா?” என்றார். சொன்னேன். அப்புறம் எழுந்து நின்று, பாட்டி சொல்லிக்கொடுத்த மாதிரி, பால் வெட்டும் உளி பிடிப்பதைப் பேனாவை வைத்துக் காட்டினேன். கோடு எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்லிவிட்டு வந்தேன்.